சொல் கேட்பதும் தொழுதுகொள்வதும்: ஆராதனையில் பயபக்தி பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, கேள்வி எழுதிப் போடச் சொன்னோம். பெயர் எழுத வேண்டாம் என்றதும் தாராளமாக வந்து விழுந்தன. பாதிக்கு மேல் இரண்டே விஷயங்கள்: கோயிலுக்குள் எப்படி இருப்பது, யார் பேச்சைக் கேட்பது. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன் என்பதால் என் பழக்கங்களின் வாடை பதில்களில் அடிக்கும். வசனங்கள் எல்லாம் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பவை.

பயபக்தி என்கிறார்களே, கடவுளைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

சீனாய் மலையில் இடி, புகை, எக்காளச் சத்தம். ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் போய் நிற்கிறார்கள். அப்போது மோசே சொல்வது விசித்திரமாக இருக்கும். பயப்படாதிருங்கள் என்று ஆரம்பித்து, தேவனைப் பற்றிய பயம் உங்கள் கண்முன் இருக்கத்தான் அவர் வந்தார் என்று அதே வசனத்தில் முடிக்கிறார் (யாத்திராகமம் 20:20). ஒரு பயம் போக வேண்டும், ஒரு பயம் இருக்க வேண்டும். ஓடிப்போக வைக்கிற பயம் போக வேண்டியது.

இருக்க வேண்டிய பயத்துக்கு எனக்குத் தெரிந்த உதாரணம், பிறந்து இரண்டு நாள் ஆன பிள்ளையை முதல்முறை கையில் வாங்குவது. கை நடுங்கும், முகம் சிரிக்கும். பிள்ளை நம்மை அடித்துவிடும் என்றா நடுங்குகிறோம்? "பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்" என்கிறது இரண்டாம் சங்கீதம். நடுக்கமும் களிப்பும் ஒரே வரியில் இருக்கின்றன, அதில் முரண்பாடு எதுவும் சங்கீதக்காரருக்குத் தெரியவில்லை.

ஆராதனைக்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டுப் பாடி ஜெபித்தால் போதாதா?

"அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால், அவனுக்குக் காது நன்றாக இருக்கிறது என்றா புரிந்துகொள்கிறோம்? தமிழில் கேட்பது என்றாலே சொன்னபடி செய்வதும் அதில் அடக்கம். எபிரெயுவிலும் இப்படித்தான். ஷமா என்ற ஒரே சொல் காதால் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் வரும். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருப்பதும் அந்தச் சொல்தான்.

இதை வைத்துக்கொண்டு சவுல் ராஜாவின் கதையைப் படியுங்கள் (1 சாமுவேல் 15). அமலேக்கியரிடமிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பது கட்டளை. சவுல் நல்ல கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவிட்டு ஓட்டிவந்துவிட்டான். சாமுவேல் தீர்க்கதரிசி வந்ததும், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று முந்திக்கொண்டு சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று கிழவர் கேட்கிறார். அகப்பட்டவன் சொல்லும் சாக்கு: உம்முடைய தேவனாகிய கர்த்தருக்குப் பலியிடத்தான் கொண்டுவந்தோம். "என்னுடைய தேவன்" என்றுகூட அவன் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நாமெல்லாம் மனப்பாடம் செய்த வசனம் வருகிறது: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." இங்கே கீழ்ப்படிதல் என்று நாம் வாசிப்பது மூலத்தில் அதே ஷமா. சவுல் ஆராதனையே வேண்டாம் என்றவன் இல்லை. கேட்காமல் விட்டதை ஆராதனையை வைத்து மூடப் பார்த்தான். இந்த வித்தை இன்றைக்கும் நடக்கிறது. வேலைக்காரருக்குச் சேர வேண்டிய சம்பளத்தில் கைவைத்துவிட்டு ஆலயத்துக்கு மணி வாங்கிக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஊசா பெட்டி விழாமல் பிடித்தான். அதற்குச் சாவா? இது அநியாயமாகத் தெரியவில்லையா?

கேள்விப் பெட்டியில் வந்ததிலேயே நேர்மையான கேள்வி இது. தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது, அது விழாதபடி கையால் பிடித்த ஊசா அங்கேயே செத்தான். படிக்கும்போது எனக்கும் உறுத்தும். தாவீதுக்கே உறுத்தியது, அவன் விசனப்பட்டான், பிறகு பயந்தான் என்று 2 சாமுவேல் 6 மறைக்காமல் எழுதுகிறது.

ஆனால் கதையை ஊசாவின் கையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். உடன்படிக்கைப் பெட்டியின் பக்கங்களில் வளையங்கள் உண்டு, அவற்றில் தண்டுகள் பாய்ச்சியிருக்கும், தண்டுகளைக் கழற்றவே கூடாது (யாத்திராகமம் 25). ஆராதனைப் பணிக்கென்று இருந்த லேவி கோத்திரத்தில் கோகாத் வம்சத்தார் அதைத் தோளில் சுமக்க வேண்டும். மற்ற லேவியருக்கு மாட்டுவண்டி பங்கிட்டுக் கொடுத்தபோது கோகாத்தியருக்கு மட்டும் கொடுக்கவில்லை, தோளில் சுமப்பதே அவர்கள் வேலை என்று காரணமும் எழுதியிருக்கிறது (எண்ணாகமம் 7:9). சரி, அப்படியானால் இந்தப் புது வண்டி யோசனை எங்கிருந்து வந்தது? பெலிஸ்தரிடமிருந்து. போரில் பிடித்துப்போன பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது அவர்கள்தான் புது வண்டி செய்து, கறவைப் பசு இரண்டைப் பூட்டி அனுப்பினார்கள். அவர்களுக்கு நியாயப்பிரமாணம் தெரியாது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாவீதின் ஆட்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 30,000 பேர், சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் என்று ஏற்பாடு பிரமாதம். நாகோனின் களத்தில் மாடு மிரண்டது. தோளில் சுமந்திருந்தால் மிரளுவதற்கு மாடே இருந்திருக்காது.

மூன்று மாதம் பெட்டி ஓபேத்ஏதோம் வீட்டில் இருந்தது. இரண்டாவது முறை தாவீது லேவியரைக் கூப்பிட்டு, போன தடவை நீங்கள் சுமக்கவில்லை, நாம் முறைப்படி தேடவில்லை, அதனால்தான் அப்படி ஆனது என்று ஒப்புக்கொள்கிறான் (1 நாளாகமம் 15:13). பழியில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறான் பாருங்கள், "நாம்" என்கிறான். இந்த முறை தண்டு, தோள். மேளதாளம் மட்டும் குறையவே இல்லை, ராஜாவே சணல்நூல் ஏபோத் என்ற ஆசாரிய உடையைக் கட்டிக்கொண்டு ஆடினான்.

இரண்டு ஊர்வலத்திலும் பாட்டு உண்டு, உற்சாகம் உண்டு. ஒன்றில் கேட்டுச் செய்தார்கள், ஒன்றில் கேட்காமல் செய்தார்கள். ஊசாவின் சாவு இதனால் எனக்கு லேசாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு மனம் கனக்காதவரிடம் நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஒப்படைக்கமாட்டேன்.

அப்படியானால் கைதட்டுவது, ஆடுவது பயபக்திக் குறைவு இல்லையா?

தாவீது ஆடியதை ஜன்னல் வழியாகப் பார்த்து முகம் சுளித்தவள் அவன் மனைவி மீகாள். வேதம் அவள் பக்கம் நிற்கவில்லை. நூற்றைம்பதாம் சங்கீதத்தில் கைத்தாளத்துக்கே இரண்டு முறை இடம் இருக்கிறது. அதே வேதத்தில் "பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மெளனமாயிருக்கக்கடவது" என்று ஆபகூக் தீர்க்கதரிசியும் இருக்கிறார். பாமாலை பாடும் சபைக்காரர் கைதட்டுகிறவரை இளக்காரமாகப் பார்ப்பதும், கைதட்டுகிறவர் பாமாலைக்காரரைப் "சவப்பெட்டியில் படுத்த சபை" என்பதும் ஒரே வியாதி. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் வைத்த அளவுகோல் (1 கொரிந்தியர் 14), பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் பக்திவிருத்தி உண்டா என்பது. "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார்.

பக்கத்தில் இருப்பவர் என்றால் சுவருக்கு அந்தப்புறம் இருப்பவரும்தான். சென்னையில் ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் ஒலிபெருக்கி விஷயமாக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர் நிம்மதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி திறந்த இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பிறனை நேசி என்ற கட்டளையைக் கையில் வைத்திருக்கிற நமக்கு இதை நீதிபதி வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

செருப்பு?

எரிகிற முட்செடியண்டை மோசேயும் எரிகோவுக்கு வெளியே யோசுவாவும் கழற்றினார்கள். கிறிஸ்தவ ஆராதனைக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டுப் பாயில் உட்காருவோம், நகரத்தில் பெரிய ஆலயங்களில் ஷூவோடு பெஞ்சில் உட்காருகிறார்கள். போகிற இடத்து வழக்கப்படி செய்யுங்கள். கழற்றாதவரை முறைத்துக்கொண்டே ஆராதனை முழுக்க உட்கார்ந்திருப்பதற்குக் கழற்றாமலே உள்ளே வந்திருக்கலாம்.

பெண்கள் முக்காடு போட்டே ஆக வேண்டுமா?

1 கொரிந்தியர் 11-ஐ வைத்துச் சபைகள் பிரிந்து நிற்கின்றன. எக்காலத்துக்கும் உரிய கட்டளை என்பார்கள் சிலர், அன்றைய கொரிந்துப் பட்டணத்தின் மரியாதை முறை என்பார்கள் சிலர். என் அம்மா பைபிளைத் திறந்தால் கை தானாக முந்தானைக்குப் போகும், என் மகளுக்குப் போகாது. நான் இருவரிடமும் எதுவும் சொல்வதில்லை. அதே அதிகாரத்தில் பவுல் நிஜமாகவே கோபப்படும் இடம் பின்பாதியில் இருக்கிறது, அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

நான் பாவி, தகுதியில்லை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்காமல் பின்னால் உட்கார்ந்துகொள்வதுதானே மரியாதை?

"அபாத்திரமாய்" (தகுதியில்லாத விதமாய்) புசிக்கிறவன் குற்றவாளி என்ற வசனத்தைக் கேட்டுவிட்டு வருஷக்கணக்காகப் பந்திக்கு வராதவர்களை எனக்குத் தெரியும். நம் இலக்கண வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி அந்தச் சொல்லைப் பாருங்கள். அபாத்திரன் புசித்தால் என்று எழுதவில்லை, அபாத்திரமாய்ப் புசித்தால் என்று எழுதியிருக்கிறது. ஆளைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை, சாப்பிடும் விதத்தைப் பற்றிய பேச்சு. பாத்திரர் மட்டும் வரலாம் என்றால் பந்தியை நடத்துகிற சபை ஐயரே வர முடியாது.

கொரிந்துவில் அந்த விதம் என்ன? வசதியானவர்கள் முந்தி வந்து, கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டுக் குடித்தும் வெறித்துவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். ஆகவே ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார்.

இதை நம் மண்ணில் சொல்லும்போது சாதியைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. தமிழ்ச் சபைகளில் தனி உட்காருமிடம் இருந்தது, கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்ற வரிசை இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலும் விட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள், ஒரே பீடம். இரண்டு காலும் ஓர் இடுப்பில் சேர்கிற மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் விழுந்தது. இரு சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே நற்கருணையைப் பார்க்கலாம். 1910-ல் நடுத்தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போயும் தடுப்பு திரும்பி வரவில்லை. அந்தக் கூடங்களில் முழங்காலில் நின்றவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அபாத்திரமாய் என்றால் என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு அதைவிட நல்ல கட்டடம் எனக்குத் தெரியாது.

உங்கள் பாவத்தை அறிக்கையிட்டுவிட்டு வாருங்கள். பசிக்கிறவனுக்குத்தான் பந்தி.

அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. கோயிலுக்கு வரலாமா?

வரலாம். ஆனால் மத்தேயு 5:23-24 இருக்கிறது: பலிபீடத்தண்டை வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, ஒப்புரவாகிவிட்டு வா. பாதியில் எழுந்து போகச் சொல்கிற ஒரே ஆராதனை ஒழுங்கு இதுதான் என்று நினைக்கிறேன். கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை, அவனுக்கு உன்மேல் இருந்தால்.

எங்கள் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. 1950-ல் தென்னிந்தியத் திருச்சபை தன் புது ஆராதனை முறையை வெளியிட்டபோது இதற்கு மறுபடி இடம் கொடுத்தது. ஒருவர் வலது உள்ளங்கையோடு மற்றவர் வலது உள்ளங்கை சேரும், இருவரும் இடக்கையால் மேலே மூடிக்கொள்வார்கள். வணக்கம் சொல்வதைப் போலத் தூரத்தில் நின்று செய்ய முடியாது.

எங்கள் சபையில் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி இருவர், ஒரே வரிசையில் இரு ஓரத்தில் உட்காருவார்கள். நடுவில் நாங்கள் ஏழெட்டுப் பேர். சமாதானம் ஓர் ஓரத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்து மற்ற ஓரத்தில் தம்பியிடம் முடியும். பல வருஷம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு நல்ல மழை, வரிசையில் ஆளே இல்லை, அவர்கள் இருவரும் நடுவில் நானும் மட்டும். அண்ணனிடம் வாங்கிய என் கை தம்பியிடம் போவதற்குள் அண்ணன் எழுந்து என்னைத் தாண்டிப் போய்விட்டார். வரப்பு இன்னும் தீரவில்லை. பேச்சு இருக்கிறது.

பாஸ்டர் சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிய வேண்டுமா? எதிர்த்துப் பேசினால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்.

அந்த வசனம் சங்கீதம் 105:15. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் நாடோடிகளாக அலைந்தபோது அவர்களைத் தொடாதபடி ராஜாக்களை எச்சரித்தது அது. கையில் அதிகாரம் உள்ளவனைப் பார்த்துச் சொன்னதை, அதிகாரம் இல்லாதவனின் வாயை அடைக்க எடுத்துக்கொள்வது தலைகீழ்ப் பாடம். தன்னைக் கொல்லத் தேடிய சவுலின் மேல் தாவீது கைபோடவில்லை, வாஸ்தவம். ஆனால் குகைக்கு வெளியே நின்று, நீர் செய்வது அநியாயம் என்று ஊர் கேட்கக் கூப்பிட்டுச் சொன்னான். பிறகு அவனே தப்புச் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து, நீயே அந்த மனுஷன் என்றான்.

உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அதே வசனம் அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. பெரோயா ஊரார் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறார் லூக்கா. ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு நின்று, மனிதரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்றதும் மதத்தலைவர்களைப் பார்த்துத்தான்.

நடைமுறையில்: ஆராதனை எத்தனை மணிக்கு, எந்த வேதபாகம், யார் ஜெபிப்பது என்பதில் பாஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டாலும். யாரைக் கட்டிக்கொள்வது, யாருக்கு ஓட்டுப் போடுவது, மாத்திரையை நிறுத்துவதா என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. பணத்துக்கு ரசீது கேட்பது கலகம் இல்லை. உடம்பிலோ பிள்ளைகளிடமோ அத்துமீறல் என்றால் சபைக்குள் பேசித் தீர்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போலீசுக்குப் போங்கள்.

முழங்காலில் நின்றுதான் ஜெபிக்க வேண்டுமா? எனக்கு மூட்டு வலி.

325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் தன் இருபதாவது விதியில், ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டே ஜெபியுங்கள் என்றது. அது உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு முழங்கால் வேண்டாம் என்பது அக்கால வழக்கம். ஆகவே உட்காருங்கள் அம்மா.

மனசே ஒட்டவில்லை. ஒன்றும் உணராமல் பாடுவது மாய்மாலம் இல்லையா?

உதட்டால் கனம்பண்ணி இருதயம் தூரமாய் இருப்பதை ஏசாயா கண்டித்தது நிஜம். ஆனால் தூரமாய் இருக்கிறோமே என்று வருந்துகிறவர் ஏற்கெனவே திரும்பிப் பார்க்கிறவர். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது கொஞ்சம் விடியும், இதில் விடியவே விடியாது. மூல மொழியில் கடைசிச் சொல்லே இருள். அதையும் தேவாலயத்தில் பாட வைத்திருந்தார்கள். வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவுக்குத் தினமும் கஞ்சி கொடுக்கிற மகள், பாசம் பொங்கும் நாளில் மட்டும்தான் கொடுக்கிறாளா?

வீட்டில் யூடியூபில் பார்த்தால் கணக்கில் வருமா?

2020-ல் கதவுகள் அடைத்தபோது அதுதான் இருந்தது, நன்றியோடு பார்த்தோம். எழ முடியாதவர்களுக்கு இன்றும் அது வரம். எழ முடிந்தவர்கள் லுங்கியில் டீ குடித்துக்கொண்டு பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன்.

பிள்ளைகள் கத்தினால் வெளியே தூக்கிப் போக வேண்டுமா?

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த சேவல் பிரசங்கத்தின் நடுவில் நான்கு முறை கூவியது. யாரும் அதை வெளியே அனுப்பவில்லை, பிறகு ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது.

காணிக்கை எவ்வளவு போடுவது மரியாதை?

தொகையை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். மல்கியா முதல் அதிகாரத்தை மட்டும் ஒருமுறை படியுங்கள். கண் தெரியாததும் கால் ஊனமானதுமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், இதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார் தீர்க்கதரிசி.

சில வருஷம் காணிக்கை எண்ணும் வேலை எனக்கு இருந்தது. ஆராதனை முடிந்ததும் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டுவோம். டேப் ஒட்டிய பத்து ரூபாய், மூலை போன இருபது, பஸ்ஸில் கண்டக்டர் வாங்க மறுத்த ஐம்பது, எல்லாம் நான்காக மடித்து உள்ளே வந்திருக்கும். அவற்றைத் தனியாக ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைப்போம், வங்கியில் மாற்றுவதற்கு. ஒரு வாரம் அந்தக் கட்டில் டேப் ஒட்டிய நோட்டு ஒன்றைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டேன். முந்தின நாள் பெட்டிக்கடைக்காரர் என்னிடமே திருப்பிக் கொடுத்தது.